இடுப்பு வலிக்கு எந்தச் சிகிச்சை? ஆதாரங்களை வைத்து ஓர் ஒப்பீடு

இடுப்பு வலி, அதாவது முதுகின் அடிப்பகுதி வலி, விடாமல் படுத்தும்போது ஐந்து திசையிலிருந்து ஆலோசனை வரும். ஒருவர் உடற்பயிற்சி என்பார், ஒருவர் மாத்திரை எழுதித் தருவார், தெரிந்தவர் கைரோபிராக்டிக் (முதுகைக் கையால் திருகி அழுத்தும் சிகிச்சை) மையத்தில் ‘எலும்பை இடத்தில் சேர்த்துவிட்டதும்’ சரியானதாகச் சொல்வார், ஸ்கேனைப் பார்த்தவர் ஊசி போடலாம் என்பார், இன்னொருவர் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கச் சொல்வார். ஐந்து பேராலும் தங்கள் வழியில் குணமானவர்களைக் காட்ட முடியும். சிக்கலே அதில்தான் இருக்கிறது. புதிதாக வரும் இடுப்பு வலி பெரும்பாலும் முதல் ஆறு வாரங்களிலேயே, எதைச் செய்தாலும், வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அந்த நேரத்தில் எது கையில் இருந்ததோ அதற்குப் பெயர் போய்ச் சேருகிறது.

2020இல் உலகில் சுமார் 61.9 கோடிப் பேருக்கு இந்த வலி இருந்ததாகக் கணக்கு. அதனால் ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றை வரிசையாகப் படித்தால் ஒரு விஷயம் துலங்கும்: பலனில் இந்த ஐந்து வழிகளுக்கும் இடையே உள்ள தூரம் குறைவு, தீங்கில் உள்ள தூரம் அதிகம். எனவே ‘எது அதிகமாக வலியைக் குறைக்கும்’ என்று மட்டும் கேட்டால் முடிவுக்கு வரவே முடியாது. எது குறைவாகக் கெடுக்கும், நிறுத்திய பிறகு கையில் என்ன மிஞ்சும் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

## இந்த ஒப்பீடு யாருக்குப் பொருந்தாது

சிலருக்கு யோசித்துத் தேர்ந்தெடுக்க நேரமில்லை. பிறப்புறுப்பைச் சுற்றியும் தொடையின் உட்புறத்திலும் மரத்துப்போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் கசிவது, மலம் கட்டுப்படாமல் போவது, இரண்டு கால்களும் ஒருசேர வலுவிழப்பது: இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் உள்ள நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறி அது. தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். பாதத்தைத் தூக்க முடியாமல் கால் இழுபட்டு, அது நாளுக்கு நாள் கூடினாலும் காத்திருக்கக் கூடாது.

காய்ச்சலோடு வரும் முதுகு வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் வலி, காரணமில்லாத எடைக் குறைவு, பெரிய விபத்து, நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர் லேசாக விழுந்தபின் வரும் வலி ஆகியவற்றில் முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நாற்பது வயதுக்கு முன் தொடங்கி மாதக்கணக்கில் நீடித்து, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு இறுகிக் கிடந்து, நடமாடினால் தளர்கிற வலி அழற்சி வகை மூட்டு நோயாக இருக்கலாம். அதற்கென்று தனி மருந்துகள் உண்டு.

மற்ற பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டில் ஒன்று. குறிப்பிட்ட காரணத்தைச் சுட்ட முடியாத இடுப்பு வலி, அல்லது முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலுக்கு இறங்கும் சியாட்டிகா வலி. இனி வருவதெல்லாம் இவர்களுக்கே.

## எடைபோடும் அளவுகோல்கள்

வலி எவ்வளவு குறைகிறது? ஆய்வுகளில் வலியை 0 முதல் 100 வரையான கோட்டில் நோயாளியே குறிப்பார். ஒப்பிடும் குழுவைவிடப் பத்துப் புள்ளிக்கும் குறைவாக இறங்கினால், அன்றாட வாழ்வில் அந்த வித்தியாசத்தை உணர்வது கடினம். இருபது புள்ளி இறங்கினால் யாருக்கும் தெரியும்.

எதோடு ஒப்பிட்டு? மிக முக்கியமான கேள்வி இதுதான். விளம்பரங்கள் விழுங்கிவிடும் கேள்வியும் இதுவே. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர்கள் சிகிச்சை தேடிப் போகிறார்கள். உச்சத்தில் இருப்பது எப்படியும் இறங்கும். எனவே ‘முன்பு 70, இப்போது 30’ என்ற கணக்கு எதையும் நிரூபிப்பதில்லை. அதே போன்ற நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு உண்மையான சிகிச்சையும் மறுபாதிக்கு அதைப் போலவே தோன்றும் வெற்றுச் சிகிச்சையும் தந்து பார்த்தால்தான் சிகிச்சையின் சொந்தப் பங்கு தெரியவரும்.

இந்தச் சோதனையின் வலிமையை முதுகெலும்புத் துறையே 2009இல் கண்டது. எலும்பு மெலியும் நோயால் (ஆஸ்டியோபோரோசிஸ்) நொறுங்கிய முள்ளெலும்புக்குள் சிமென்ட் செலுத்தும் சிகிச்சை அப்போது பரவலாக நடந்துவந்தது. இரண்டு ஆய்வுக் குழுக்கள் நோயாளிகளில் பாதிப்பேருக்கு நடிப்புச் சிகிச்சை மட்டும் செய்தன. ஊசி குத்தினார்கள், சிமென்ட்டின் வாசனையைக்கூட அறையில் பரவவிட்டார்கள், சிமென்ட்டை மட்டும் செலுத்தவில்லை. இரு தரப்பிலும் வலி ஒரே அளவில் குறைந்தது.

புற்றுநோய் மருந்தான இமாட்டினிப்பை இதற்கு எதிர் முனையில் வைத்துப் பார்க்கலாம். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயை ஓட்டும் ஒரே ஒரு கோளாறான புரதத்தை அடைப்பதற்கென்றே வடிவமைத்த மருந்து அது. 2003இல் வெளியான, 1,106 பேர் பங்கேற்ற ஆய்வில், பதினெட்டு மாதக் கணக்கின்படி மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 76 பேரின் எலும்பு மஜ்ஜையில் கோளாறான குரோமோசோம் தென்படவே இல்லை. பழைய சிகிச்சையில் அப்படி ஆனவர்கள் நூற்றுக்குப் பதினைந்துக்கும் குறைவு. விளைவும் பெரிது. அளந்ததோ எலும்பு மஜ்ஜையில், நோயாளியின் வாய்ச்சொல்லில் இல்லை. இடுப்பு வலியில் இரண்டுமே தலைகீழ்: விளைவு சிறிது, அளவு நோயாளி சொல்வது. அதனால்தான் இங்கே ஒப்பிடும் குழு சரியாக அமையாத ஆய்வு எளிதில் ஏமாற்றிவிடும்.

எவ்வளவு காலம்? என்ன தீங்கு? ஆறு வாரப் பலனும் ஓராண்டுப் பலனும் வேறு வேறு. தீங்கைப் பார்க்கும்போது எத்தனை பேருக்கு என்பதோடு, வந்தால் மீளக்கூடியதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மறைவான செலவு. திரும்பத் திரும்பப் போக வேண்டிய நேரம், தேவையில்லாத ஸ்கேன், ஒரு சிகிச்சை இழுத்துவரும் அடுத்த சிகிச்சை, ‘என் முதுகு பலவீனமானது’ என்று மனதில் தங்கிவிடும் பயம். இதில் கடைசியாகச் சொன்னது எந்த ரசீதிலும் வராது. ஆனால் அதற்குத்தான் நெடுங்காலம் விலை கொடுக்க நேர்கிறது.

## ஸ்கேனை முதலில் எடுக்கலாமா?

அவசர அறிகுறிகள் இல்லாதவர் முதல் ஆறு வாரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுப்பதால் சிகிச்சையில் ஆதாயம் கிடைப்பதில்லை. வலியே இல்லாத 3,110 பேரின் முதுகுப் படங்களைப் பற்றிய ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். இருபது வயதிலேயே நூற்றுக்கு 37 பேருக்கு டிஸ்க் தேய்மானம், 30 பேருக்கு டிஸ்க் புடைப்பு. எண்பது வயதில் தேய்மானம் 96 பேருக்கு. வயதானால் முடி நரைப்பது போன்ற மாற்றங்களை நோயின் பெயரோடு அறிக்கையில் படித்தவர், நடக்கவும் குனியவும் அஞ்சத் தொடங்குகிறார். அங்கிருந்து ஊசிக்கும் கத்திக்கும் வழி சுருங்கிவிடுகிறது.

ஸ்கேன் உண்மையில் உதவும் இடம் ஒன்று உண்டு. கால் வலி ஆறு வாரம் தாண்டியும் குறையாமல், ஊசியோ அறுவை சிகிச்சையோ செய்ய நீங்கள் தயாராக இருக்கும்போது, எந்த இடத்தில் செய்வது என்று தெரிய அது வேண்டும்.

## உடற்பயிற்சி

நாள்பட்ட வலிக்கு, அதாவது மூன்று மாதம் தாண்டியதற்கு, அதிகமாகச் சோதிக்கப்பட்ட வழி இது. 249 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2021ஆம் ஆண்டு காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) தொகுப்பில், உடற்பயிற்சி செய்தவர்களின் வலி மற்றவர்களைவிடச் சுமார் 15 புள்ளி குறைவு. அன்றாட வேலைத்திறனில் முன்னேற்றம் ஏழு புள்ளிதான். அதிசயம் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பட்டியலில் உள்ள வேறெதற்கும் இவ்வளவு சோதனைகளுக்குப் பின்னும் இந்த அளவு மிஞ்சவில்லை. ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: உடற்பயிற்சிக்கு ‘வெற்று’ வடிவம் கிடையாது. செய்கிறவருக்குத் தான் செய்வது தெரியும். எனவே அந்த 15 புள்ளியில் நம்பிக்கைக்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம்.

உடற்பயிற்சியைத் தனியாக உயர்த்துவது வலி திரும்பி வருவதைத் தள்ளிப்போடும் குணம். 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், அண்மையில் இடுப்பு வலியிலிருந்து மீண்ட 701 பேர் பங்கேற்றனர். நடைப் பயிற்சித் திட்டத்தைப் பின்பற்றிய குழுவில் வலி திரும்புவதற்கு எடுத்த இடைநிலைக் காலம் (பாதிப்பேர் அதற்குக் கீழே, பாதிப்பேர் மேலே) 208 நாள், எதுவும் செய்யாத குழுவில் 112 நாள். திட்டம் எளிமையானது. பிசியோதெரபிஸ்ட் ஆறு மாதத்தில் ஆறு முறை வழிகாட்டுவார். வாரத்துக்கு ஐந்து முறை, முறைக்கு அரை மணி நேரம் என்ற இலக்கைச் சிறிது சிறிதாக எட்ட வேண்டும். வலி வராமல் தடுப்பது பற்றி 2016இல் வந்த தொகுப்பாய்விலும் உடற்பயிற்சி அறிவுரையோடு சேரும்போது ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இடுப்புப் பட்டைக்கும் காலணி உள்தட்டுக்கும் அப்படி எந்தப் பலனும் தெரியவில்லை.

எந்த வகைப் பயிற்சி என்று அலைய வேண்டாம். வகைகளுக்கு இடையே உள்ள வித்தியாசம், செய்வதற்கும் செய்யாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைவிடச் சிறியது. நிறுத்தாமல் செய்யக்கூடிய வகையே நல்ல வகை. நடையென்றால் வலி தாங்கும் அளவில், பத்து நிமிடமோ பதினைந்து நிமிடமோ, வாரத்துக்கு மூன்று நாளில் தொடங்கி, வாரந்தோறும் சில நிமிடங்களைக் கூட்டலாம்.

கெடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். முதலாவது, வலி குறைந்த நாளில் ஒரேயடியாக இரண்டு மடங்கு செய்து, மறுநாள் படுத்துவிட்டு, ‘உடற்பயிற்சி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று முடிவு கட்டுவது. பயிற்சியின்போது வலி சற்றுக் கூடி மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கினால் அந்த அளவு சரி. இறங்காவிட்டால் அடுத்த முறை குறைத்துக்கொள்ள வேண்டும், நிறுத்தக் கூடாது. இரண்டாவது, இரண்டு வாரத்தில் பலன் தேடுவது. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கொடுக்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. மூன்றாவது, பிசியோதெரபி மையத்துக்குப் போயும் உடற்பயிற்சியே செய்யாமல் வெப்ப ஒத்தடம், அல்ட்ராசவுண்ட், இழுவைக் கருவி என்று படுத்துக்கொண்டே நேரம் கழிவது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு அல்ட்ராசவுண்டும் இழுவையும் இடுப்புப் பட்டையும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது.

படுக்கை ஓய்வு பற்றி ஒரு வார்த்தை. 1995இல் ஹெல்சிங்கியில் நகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் நடந்த ஆய்வில், இரண்டு நாள் படுத்தவர்களைவிட, வலி தாங்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைத் தொடர்ந்தவர்களே சீக்கிரம் தேறினார்கள். புதிதாக வந்த கடும் வலியில் தனிப் பயிற்சிகளைவிட இந்த இயல்பான நடமாட்டமே போதும் என்பதும் அதில் தெரிந்தது.

வலியைப் பற்றிய பயம் ஆழமாக வேரூன்றியவர்களுக்கு, அசைவுப் பயிற்சியையும் மனப் பயிற்சியையும் இணைத்துத் தரும் முறை ஒன்று இருக்கிறது. 492 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் அதன் பலன் பெரிதாகவும், ஓராண்டு வரை நீடிப்பதாகவும் இருந்தது. அதில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் நாள்பட்ட வலிக்காரர் விட்டுவிடக் கூடாத வாய்ப்பு.

## மாத்திரைகள்

‘வலி மாத்திரை’ என்று ஒரே பெயரில் அழைப்பதால் வரும் குழப்பம் பெரிது. ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வேறு.

பாரசிட்டமால். சுமார் 1,650 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், குணமாக எடுத்த இடைநிலைக் காலம் மாத்திரை எடுத்தவர்களுக்கு 17 நாள், வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 16 நாள். புதிய இடுப்பு வலிக்கு இதனால் பலன் இல்லை.

ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன், டைக்ளோஃபெனாக் வகை. புதிய வலியில் வெற்று மாத்திரையைவிடச் சுமார் ஏழு புள்ளி அதிகம் குறைக்கின்றன. சிறிய பலன், ஆனால் சில நாள் நடமாட உதவும். குறைந்த அளவில், உணவுக்குப் பின், ஒன்றிரண்டு வாரத்துக்குள் முடித்துக்கொள்வதுதான் முறை. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்களும், கர்ப்பத்தின் பிற்பாதியில் இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. ரத்தக் கொதிப்புக்கு ‘பிரில்’ என்று முடியும் மருந்தும் சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் சேர்த்து எடுப்பவர் இதையும் சேர்த்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கக்கூடும். அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு, வெவ்வேறு வணிகப் பெயரில் இதே வகை மாத்திரைகள் இரண்டை ஒன்றாக விழுங்குவது. அட்டையின் பின்புறம் மருந்தின் பெயரைப் படித்துப் பாருங்கள்.

ஓபியாய்டுகள், அதாவது அபின் வகை வலி மருந்துகள். புதிய இடுப்பு, கழுத்து வலிக்காரர்களிடம் இவற்றில் ஒன்றான ஆக்சிகோடோனைச் சோதித்த 2023ஆம் ஆண்டு ஆய்வில் ஆறு வார முடிவில் வெற்று மாத்திரையைவிடப் பலன் எதுவும் இல்லை. ஓராண்டு கழித்து, மருந்தைத் தவறாகப் பயன்படுத்தும் அபாயம் மட்டும் கூடியிருந்தது. நாள்பட்ட முதுகு, மூட்டு வலிக்கு 240 பேரிடம் ஓராண்டு நடந்த 2018ஆம் ஆண்டு ஆய்விலும் சாதாரண வலி மருந்துகளைவிட இவை மேலாக இல்லை. பலனே இல்லாத இடத்தில் அடிமையாகும் ஆபத்தை ஏற்க எந்த நியாயமும் இல்லை.

பிரிகாபலின். இது நரம்பு வலி மருந்து. சியாட்டிகாவுக்கு வழக்கமாக எழுதித் தரப்படுகிறது. 2017இல் வெளியான ஆய்வில் கால் வலியில் வெற்று மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. தலைச்சுற்றல் மட்டும் அதிகம்.

## கைரோபிராக்டிக்

இதைப் பற்றிப் பேசும்போது கோட்பாட்டையும் கைவேலையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட்டில் டி.டி. பாமர் தொடங்கிய கோட்பாடு, முள்ளெலும்புகள் இடம் பிசகி நரம்பை அழுத்துவதே ஏறக்குறைய எல்லா நோய்க்கும் மூலம் என்றது. இதற்கு ஆதாரம் கிடைக்கவே இல்லை. குழந்தைகளின் ஆஸ்துமாவில் உண்மையான கையாளுதலையும் நடிப்புக் கையாளுதலையும் ஒப்பிட்ட 1998ஆம் ஆண்டு ஆய்வில் வித்தியாசம் தெரியவில்லை. ஆஸ்துமா, காது நோய், ரத்தக் கொதிப்பு என்று யாராவது முதுகைத் திருக அழைத்தால் போகாதீர்கள்.

இடுப்பு வலிக்கு முதுகைக் கையால் திருகி அழுத்தும் செயல் என்ன தருகிறது என்பது தனிக் கேள்வி. அதற்கு நேர்மையான பதில்: கொஞ்சம் தருகிறது. ஆறு வாரத்துக்குட்பட்ட புதிய வலியில் 26 ஆய்வுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டுக் கட்டுரை, சராசரியாகப் பத்துப் புள்ளி அளவு பலன் காட்டியது. நாள்பட்ட வலியில் 47 ஆய்வுகளைத் தொகுத்த 2019ஆம் ஆண்டுக் கட்டுரையில், உடற்பயிற்சி போன்ற பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகளுக்கு இது ஏறக்குறைய இணை. இங்கேயும் அதே குறை: தன் முதுகில் கை வைக்கப்படுவது நோயாளிக்கும் தெரியும், வைப்பவருக்கும் தெரியும்.

‘படக்’ என்ற சத்தம் எலும்பு இடத்துக்குத் திரும்பியதைக் காட்டுவதில்லை. விரல் மூட்டில் சொடக்கு எடுப்பதை 2015இல் எம்.ஆர்.ஐ. வழியாக நேரடியாகப் படம் எடுத்தபோது, மூட்டுத் திரவத்துக்குள் வாயுக் குழி உருவாகும் கணத்தில் சத்தம் பிறப்பது தெரிந்தது. சத்தம் வந்தால் பலன், வராவிட்டால் வீண் என்று எண்ண வேண்டாம்.

தீங்கு என்று பார்த்தால், இடுப்பில் செய்யும்போது ஓரிரு நாள் உடல் வலி சகஜம், கடுமையான விபத்து மிக அரிது. கழுத்தில் செய்வது அப்படி இல்லை. கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. நிகழ்வு அரிதுதான், கிழிசலால் வந்த கழுத்து வலிக்கே சிலர் சிகிச்சைக்குப் போயிருக்கலாம் என்ற வாதமும் உண்டு. ஆனாலும் இடுப்பு வலிக்குப் போனவர் கழுத்தைத் திருக அனுமதிக்க ஒரு காரணமும் இல்லை. படுக்கையில் படுக்கும் முன்பே, ‘கழுத்தில் எதுவும் செய்ய வேண்டாம்’ என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். எலும்பு மெலியும் நோய், எலும்புக்குப் பரவிய புற்றுநோய், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து, கால் பலவீனம் ஆகியவை இருந்தால் இடுப்பிலும் கூடாது.

மறைவான செலவு இங்கேதான் அதிகம். வலி போன பிறகும் ‘பராமரிப்புக்கு’ வரச் சொல்வது, மாதக்கணக்கான வருகைகளுக்கு முன்பணம் கேட்பது, முதுகு முழுவதும் எக்ஸ்ரே எடுத்து அதில் கோடு வரைந்து பிசகு காட்டுவது. இவற்றுக்கு ஆதாரம் இல்லை. நான்கைந்து வருகையில் வலியிலோ நடமாட்டத்திலோ தெளிவான மாற்றம் இல்லையென்றால் இருபதாவது வருகையில் வரும் என்று காத்திருக்கக் கூடாது. பிரிட்டனின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கையாளும் சிகிச்சைகளை உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டுமே தரச் சொல்கிறது. அந்த நிபந்தனை சரியானது. கையால் கிடைத்த பத்து நாள் நிம்மதியை நடக்கத் தொடங்கப் பயன்படுத்தாவிட்டால், நிம்மதி போனதும் பழைய இடத்துக்கே வந்து நிற்க வேண்டியிருக்கும்.

## தண்டுவட உறைக்கு வெளியே ஸ்டீராய்டு ஊசி

காலுக்கு இறங்கும் வலிக்கென்று உருவானது. 2020ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பின்படி கால் வலியில் வெற்று ஊசியைவிடச் சுமார் ஐந்து புள்ளி, அதுவும் குறுகிய காலத்துக்கு. முதுகெலும்புக் குழாய் சுருங்கிய 400 பேரிடம் நடந்த 2014ஆம் ஆண்டு ஆய்வில், மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டு சேர்த்ததால் ஆறாவது வாரத்தில் சொல்லத்தக்க ஆதாயம் இல்லை. காலுக்கு இறங்காத வெறும் இடுப்பு வலிக்கு இதைப் போட்டுக்கொள்ள வேண்டியதே இல்லை.

சர்க்கரை நோயாளிக்குச் சில நாள் சர்க்கரை எகிறும். ஊசி உறையைத் துளைத்தால் எழுந்து உட்கார முடியாத தலைவலி வரும். பார்வை இழப்பு, பக்கவாதம், செயலிழப்பு ஆகியவை அரிதாக நேரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் எச்சரித்தது. கால் வலி தூங்கவிடாமல் வாட்டும்போது, அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டு இயற்கை குணமாக்கலுக்குச் சில வாரம் வாங்கித் தருவது என்ற அளவில் ஒருமுறை முயலலாம். முதல் ஊசியில் ஒன்றும் தெரியாதவர் மூன்று ஊசிகள் கொண்ட தொடருக்குச் சம்மதிக்கக் கூடாது.

## அறுவை சிகிச்சை

இரண்டு வெவ்வேறு அறுவை சிகிச்சைகளை ஒன்றாகப் பேசுவதுதான் இதில் பெரும் குழப்பம்.

பிதுங்கிய டிஸ்க் துண்டை அகற்றுவது ஒன்று. ஆறு முதல் பன்னிரண்டு வாரமாகக் கடும் சியாட்டிகா இருந்த 283 பேரிடம் நெதர்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு, முடிவெடுக்க நிற்பவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. உடனே அறுவை சிகிச்சைக்குப் போன குழு இடைநிலையாக 4 வாரத்தில் தேறியது, காத்திருந்த குழு 12 வாரத்தில். ஓராண்டு முடிவில் இரு குழுவிலும் நூற்றுக்கு 95 பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 39 பேர் இடையில் அறுவை சிகிச்சைக்கு மாறினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆக, இந்த அறுவை சிகிச்சை வாங்கித் தருவது வேகம். அந்த இரண்டு மாத வேகம் உங்களுக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு மருத்துவர் பதில் சொல்ல முடியாது. வேலையை இழக்கும் நிலையில் இருப்பவருக்கும் வீட்டில் ஓய்வாகச் சமாளிக்கக்கூடியவருக்கும் சரியான விடை வேறு வேறு. பிதுங்கிய துண்டு பெரிதாகவும் தனியாகப் பிரிந்தும் இருந்தால் உடலே அதைக் கரைத்துவிடும் வாய்ப்பு அதிகம். ஸ்கேனில் பயங்கரமாகத் தெரிவதே சில வேளைகளில் நல்ல செய்தி.

முள்ளெலும்புகளை உலோகத் திருகுகளால் இணைத்துவிடுவது இன்னொன்று. நரம்பு அழுத்தமில்லாத நாள்பட்ட இடுப்பு வலிக்கு இதைச் செய்வதில் நியாயம் மெலிது. பிரிட்டனில் 349 பேரிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், தீவிர உடற்பயிற்சி மறுவாழ்வுத் திட்டத்தைவிட இது மேலானது என்பதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. இணைத்த இடம் அசையாது. அதன் சுமை அடுத்த மூட்டுக்குப் போகும். திரும்பிப் போக வழியில்லை. முள்ளெலும்பு நழுவுதல், முறிவு, கட்டி ஆகியவற்றுக்குச் செய்வது வேறு கணக்கு.

## ஒரே பார்வையில்

| வழி | பலன் எதற்கு, எவ்வளவு | நீடிப்பு | முக்கியத் தீங்கு | மறைவான செலவு | எப்போது முந்துகிறது |
|---|---|---|---|---|---|
| உடற்பயிற்சி | நாள்பட்ட வலி, சுமார் 15 புள்ளி | செய்யும்வரை. வலி திரும்புவதும் தள்ளிப்போகும் | தற்காலிகமாக வலி கூடுதல் | நேரம், விடாமுயற்சி | வலி மூன்று மாதம் தாண்டினால். அடிக்கடி திரும்பினால் |
| ஐபுப்ரோஃபென் வகை | புதிய வலி, சுமார் 7 புள்ளி | எடுக்கும்வரை | வயிறு, சிறுநீரகம், இதயம் | நாட்கணக்கு நீண்டுவிடுதல் | முதல் ஓரிரு வாரம் |
| கைரோபிராக்டிக் | புதிய வலி, சுமார் 10 புள்ளி | சில வாரம் | உடல் வலி. கழுத்தில் செய்தால் அரிதாகப் பக்கவாதம் | முடிவில்லாத வருகைகள் | மாத்திரை எடுக்க முடியாதவருக்குப் புதிய வலியில் |
| ஸ்டீராய்டு ஊசி | கால் வலி, சுமார் 5 புள்ளி | சில வாரம் | சர்க்கரை ஏற்றம், அரிதாக நரம்புச் சேதம் | ஸ்கேன், தொடர் ஊசிகள் | தூங்கவிடாத கால் வலியில் கால அவகாசத்துக்கு |
| டிஸ்க் அகற்றுதல் | கால் வலி, குணமாகும் வேகம் | ஓராண்டில் இரு தரப்பும் சமம் | தொற்று, உறைக் கிழிசல், மீண்டும் பிதுங்குதல் | மீளும் காலம் | கடும் கால் வலி 6–12 வாரம் தாண்டியும் குறையாவிட்டால். கால் பலவீனம் கூடினால் |

## உங்கள் நிலைமைக்கு எது?

வலி வந்து இரண்டு வாரம், காலுக்கு இறங்கவில்லை. ஸ்கேன் வேண்டாம். நடமாடுங்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், உடலுக்கு ஒத்துக்கொள்ளும் என்றால் சில நாள் ஐபுப்ரோஃபென் வகை. மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்றால் இடுப்பில் மட்டும் கையாளும் சிகிச்சை, நான்கைந்து முறை.

மூன்று மாதம் தாண்டிய வலி, அல்லது ஆண்டுக்கு இருமுறை திரும்பும் வலி. இங்கே உடற்பயிற்சிக்கு மாற்று இல்லை. மற்ற எதைச் சேர்த்தாலும் அது பயிற்சியைத் தொடங்க உதவுவதற்காக மட்டும் இருக்கட்டும். குனியவே பயந்து வாழ்பவர் அசைவையும் மனதையும் சேர்த்துப் பயிற்றுவிப்பவரைத் தேட வேண்டும்.

இடுப்பைவிடக் கால் அதிகம் வலிக்கிறது, ஆறு வாரம் ஆகிறது. ஸ்கேனில் தெரியும் அழுத்தமும் வலி இறங்கும் காலும் ஒரே பக்கம், ஒரே நரம்பு என்று பொருந்துகின்றனவா என்பதை முதலில் கேளுங்கள். பொருந்தாவிட்டால் ஊசிக்கும் அறுவை சிகிச்சைக்கும் அடிப்படையே இல்லை. பொருந்தினால், வாரந்தோறும் கொஞ்சமாவது குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் காத்திருப்பது நல்லது. பன்னிரண்டாவது வாரத்திலும் அசையாமல் நின்றால் அறுவை சிகிச்சை மருத்துவரோடு பேச வேண்டிய நேரம்.

எதைத் தேர்ந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்குங்கள். மூன்றை ஒன்றாகத் தொடங்கினால் எது உதவியது, எது வீண் என்று பிறகு பிரிக்க முடியாது. தொடங்கும் நாளில் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கடந்த வாரத்தின் சராசரி வலி நூற்றுக்கு எவ்வளவு, நிறுத்தாமல் எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது. வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமையில், மீண்டும் எழுதுங்கள். ஆறாவது வாரத்தில் (உடற்பயிற்சியென்றால் பன்னிரண்டாவது வாரத்தில்) வலி இருபது புள்ளியாவது இறங்கவில்லை, நடையும் கூடவில்லை என்றால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் அடுத்த வழியைப் பற்றிப் பேசுங்கள்.